எழுவான்கரையில் பத்து நாட்கள்

2025 ஜூன் 3, செவ்வாய் – மட்டக்களப்பு

கொழும்பு கோட்டையிலிருந்து முன்னிரவில் புறப்பட்ட ரயில் விடியும்போது மட்டக்களப்பில் நின்றிருக்க வேண்டும். ஹபரணையைத் தாண்டியதும் அது காட்டுக்குள் மாட்டுவண்டி வேகத்தில் ஊரத் தொடங்கியது. இந்தப் பெப்ரவரியில் அந்தப் பக்கத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்துபோயின என்றும், அதிலிருந்து இந்தக் காட்டைக் கடக்கையில் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்றும் எதிரே இருந்த பெரியவர் விளக்கினார். யானைகளுக்காகத் தாமதமாவதில் எனக்கு வருத்தமில்லை, பசிதான் வருத்தியது. அதை அவர் எப்படி அறிந்தாரோ, மடியிலிருந்த பொதியை அவிழ்த்து, பாணும் (இங்கே பிரெட்டுக்குப் பெயர்) தேங்காய்ச் சம்பலுமாகச் சரிபாதியைத் தாளில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நான் மறுத்தேன். “தனியத் திண்டா விக்கும், தங்கச்சி” என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

என் சொந்த ஊர் குடவாசலை அடுத்த திருக்கொள்ளம்பூதூர். 1947 ஜூனில் எங்கள் ஊர்க் கோயிலில்தான் விபுலாநந்த அடிகளாரின் இசை ஆராய்ச்சி நூலான ‘யாழ் நூல்’ அரங்கேறியது. சிறுவனாக அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் தாத்தா, கடைசி வரையில் அவரை ‘மட்டக்களப்புச் சாமியார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் வழியாகவே இந்த ஊர் என் சிறுவயதுக்குள் வந்தது. தஞ்சாவூரில் என்னோடு படித்த தோழி இந்தப் பக்கத்துக்காரி. இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறாள். “என்ட வீடு பூட்டித்தான் கிடக்கு, போய் இரு” என்று அவள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இந்த வைகாசியில்தான் கைகூடியது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பேருந்தில் 120 ரூபாய் கொடுத்து, களுவாஞ்சிகுடியைக் கடந்து இறங்கினேன். நம் ஒரு ரூபாய்க்கு இவர்களுடைய மூன்றரை ரூபாய் என்பதால் முதலில் ஒவ்வொரு விலையையும் மனத்துக்குள் வகுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாட்களில் அந்தப் பழக்கம் தானாக நின்றுவிட்டது, ஏனெனில் நான் எதற்கும் பணம் கொடுக்கும்படி ஊர் விடவில்லை.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். நடுவே நெடுஞ்சாலை; அதற்குக் கிழக்கே பத்து நிமிட நடையில் கடல்; மேற்கே கால் மணி நடையில் வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கும் இந்த நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் பக்கம். வாவிக்கு அப்பால், வயல்வெளிகளுள்ள மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் படும் பக்கம். திசையைச் சொல்ல இவ்வளவு அழகிய இரண்டு சொற்களை அன்றாடம் பேருந்து நடத்துநரும் மீன் விற்பவரும் புழங்குவதைக் கேட்டு, மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான் சாலையோரத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன்.

தோழியின் தாயாரை நான் மாமி என்று அழைக்கிறேன். வளவின் முன்புறத்தில் ஓட்டுப் பெரிய வீடு. பின்புறத்தில், கிணற்றடிக்கு அருகே, இரண்டு அறைகள் கொண்ட சிறு வீடு. மாமியும் மாமாவும் இருப்பது சிறு வீட்டில். பெரிய வீடு மகள் கல்யாணம் கட்டியபோது அவளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. அது மாமிக்கு அவருடைய தாயார் கொடுத்தது. தாயாருக்கு அவருடைய தாயார் கொடுத்த நிலம். இங்கே மணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருகிறார். எங்கள் ஊரில் தாலி ஏறிய மறுநாளே பிறந்த வீட்டில் விருந்தாளியாகிவிடும் பெண்களை நினைத்துக்கொண்டு, தோழி ‘என்ட வீடு’ என்று சொன்னதன் பொருள் அதுதான் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

மாமிக்கு ஒரு மதுரைச் சுங்குடிச் சேலை கொண்டுபோயிருந்தேன். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதைத் தடவித் தடவிப் பார்த்து, “சரியான வடிவு மகள்” என்று அன்று மாலையே கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்து நான்கு வீடுகளுக்கும் ஏதோ காரணம் சொல்லிப் போய்வந்தார்.

ஜூன் 4, புதன்

விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவில் இசை கேட்டது. ஐஸ்கிரீம் வண்டியாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தால், முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் கண்ணாடிப் பெட்டி; அதனுள்ளே பாணும் பணிஸும் ஆவி பறக்க அடுக்கப்பட்டிருந்தன. ஒரு இறாத்தல் பாண் 130 ரூபாய். அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்க்க வேண்டும் என்று மாமா கற்றுத்தந்தார்.

பதினொரு மணிக்குக் கடற்கரைக்குப் புறப்பட்டேன். “கச்சான் துவங்கிட்டுது மகள், வெளியால போகாதீங்க” என்று மாமி தடுத்தார். முந்தைய நாள் மட்டக்களப்புப் பேருந்து நிலையத்தில் வறுத்த நிலக்கடலையைக் ‘கச்சான், கச்சான்’ என்று கூவி விற்றார்கள். அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆகவே, “எங்கே விற்கிறார்கள், வாங்கி வரட்டுமா?” என்று கேட்டேன். மாமிக்குச் சிரிப்பில் சுளகு கையிலிருந்து நழுவி, அரிசி முற்றமெல்லாம் சிதறியது. அதைக் கோழிகளுக்கு முந்திப் பொறுக்குவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது, ஏனெனில் அதற்குள் கச்சானே வந்துவிட்டது.

கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையேறி இறங்கி, ஈரமற்ற சூடாகக் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு ரயிலேறியவள் இங்கே உதடு வெடித்து நின்றதற்கு அதுவே காரணம். இந்த ஊருக்கு மழை ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றோடுதான் வரும். அது வரையில் கச்சானின் ஆட்சிதான். கொடியில் காயப்போட்ட ஈரச் சேலை அரிசி வேகும் நேரத்துக்குள் மொடமொடப்பாகிவிடுகிறது. என் துவாலை அடுத்த வளவுக்குப் பறந்து அங்குள்ள கிணற்றில் விழுந்தது.

அதை எடுக்கப் பாதாளக் கரண்டியோடு வந்தவன் பத்து வயதுப் பையன். துவாலையை மீட்டுக் கையில் கொடுத்தபின், “செம்ம காத்து, வேற லெவல்ல” என்றான். மாமியிடம் பேசும்போது அவன் பேச்சு இந்த மண்ணின் பேச்சு. என் பக்கம் திரும்பினால் மட்டும் சென்னைத் திரைப்படத் தமிழ். விருந்தாளிக்கு அவளுடைய மொழியில் பேசுவதுதான் மரியாதை என்று அவன் கருதியிருக்கிறான். எனக்கோ அவனுடைய மொழிதான் வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் தருவதாகவும், பதிலுக்கு நான் விஜயை நேரில் கண்டிருக்கிறேனா இல்லையா என்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் உடன்படிக்கை செய்துகொண்டோம். அன்றைய ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மறுகா’. பிறகு, அப்புறம், அடுத்ததாக என்னும் மூன்றையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது. “மறுகா?” என்று கேட்டால் கதை சொல்பவர் நிறுத்த முடியாது.

ஜூன் 5, வியாழன் – கரைவலை

இந்தப் பயணத்தில் என் உடம்பு மறக்காத நாள் இது.

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கரைவலை இழுப்பார்கள். இருட்டோடு ஒரு தோணி, கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, கடலுக்குள் வலையை வளைத்துப் போட்டபடி சுற்றிவந்து, மறுமுனையைக் கரையில் வெகுதூரம் தள்ளிச் சேர்க்கிறது. பிறகு இரண்டு முனைகளிலும் பதினைந்து பதினைந்து பேர் நின்று இழுக்கிறார்கள். இழுப்பது என்பது கையால் மட்டும் செய்யும் வேலையன்று. கயிற்றை இடுப்பிலும் தொடையிலும் சார்த்தி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடக்க வேண்டும். தென்னங்கன்றின் அருகே போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு மீண்டும் நீரோரத்துக்கு ஓடிவந்து முதல் ஆளாகப் பிடிக்கிறார். நடுநடுவே ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அம்பா என்னும் வலையிழுப்புப் பாட்டைப் பாடுகிறார்கள். சொற்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எந்த இடத்தில் மூச்சை விட வேண்டும் என்பதைப் பாட்டே உடம்புக்குச் சொல்லிவிடுகிறது.

கயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தொட்டா விட ஏலா, சரியா?” என்றார் முன்னால் நின்றவர். தொட்டேன். ஒன்றேகால் மணி நேரம் விடவில்லை. இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளம் வந்து உடைந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் தம் தலைப்பாகைத் துணியை இரண்டாகக் கிழித்து என் கைகளில் சுற்றிவிட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை.

வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டங்களும் மணலில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. காகங்களும் செம்பருந்துகளும் முதலில் அறிகின்றன. கடைசியில் மடி கரைக்கு வந்தது. மடி என்பது வலையின் அடிப்பை; மீனெல்லாம் சேரும் இடம். தாயின் மடிக்கும் பசுவின் மடிக்கும் நாம் வைத்திருக்கும் அதே சொல். அதை அவிழ்த்தபோது வெள்ளி நாணயங்களைக் கொட்டியது போலக் கீரி மீன்கள் சரிந்தன. அவற்றோடு நெத்தலி, பாரைக் குஞ்சுகள், கண்ணாடிக் கிண்ணம் போன்ற சொறிகள் (ஜெல்லி மீன்கள்), ஒரு கடற்பாம்பு. பாம்பைக் குச்சியால் தூக்கி நீரில் விட்டார்கள். ஒரு கீரி மீனை உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். முதுகில் நீலமும் பச்சையும் கலந்த கோடு, சோப்புக் குமிழில் ஓடுவதைப் போல ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த நிறம் வாலிலிருந்து தலை வரை ஒரு விளக்கை இறக்குவது போல மங்கிச் சாம்பலானது.

ஏலம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கும் ஒரு பங்கு என்று சொப்பிங் பையில் இரண்டு கை மீன் அள்ளிப் போட்டார்கள். பணம் எடுத்தேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி முகம் சுருங்க, “வடம் புடிச்ச கைக்கிட்டக் காசு வாங்குறல்ல” என்றார். அதன்பின் இந்த ஊரில் பணப்பையைத் திறப்பதற்கு முன் இருமுறை யோசித்தேன்.

திரும்பும்போது சவுக்குத் தோப்பின் ஓரத்தில், சுவரில்லாத ஒரு வீட்டின் தரையைக் கண்டேன். சிவப்புச் சிமெந்துத் தரை. வாசற்படி இருக்கிறது, வீடு இல்லை. எனக்குக் கை சுற்றிவிட்ட முதியவர் அதன் படியில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “இதுதான் எங்கட வீடு” என்றார். 2004 டிசம்பர் 26. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். “இரிங்க புள்ள, நிழல் இருக்கு” என்று படியில் சற்றே தள்ளி இடம் விட்டார். இருவரும் கடலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த ஊரார் காலத்தை இரண்டு கணக்கில் சொல்கிறார்கள். “சூறாவளிக்கு முந்தி” என்றால் 1978 நவம்பர். “சுனாமிக்குப் பிறகு” என்றால் 2004. இடையே இருந்த போர்க்காலத்தை எவரும் ஆண்டு சொல்லிக் குறிப்பதில்லை. சூறாவளி இரவில், அப்போது சிறுமியாக இருந்த மாமியைத் தகப்பனார் அலுமாரிக்குள் வைத்து, அதன்மேல் தாம் படுத்துக்கொண்டாராம். விடிந்து கதவைத் திறந்தபோது வளவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லையாம்.

இரவு கீரி மீன் பொரியல், பிட்டு, சொதி. கைக் கொப்புளங்களில் உறைப்புப் பட்டு எரிந்ததால் எனக்கு மட்டும் கரண்டி தந்தார்கள்.

ஜூன் 6, வெள்ளி – மண்டூர்

வாவியைக் கடந்து மண்டூர் முருகனைப் பார்க்கப் போகலாம் என்று மாமா குருமண்வெளித் துறைக்கு அழைத்துச் சென்றார். தண்ணீரோரத்தில் சாலை முடிந்துபோனது. “பாதை எங்கே மாமா?” என்றேன். “பாதை அக்கரையில நிக்குது, இப்ப வரும்” என்றார். கேட்டது சரிதானா என்று ஐயமுற்று மீண்டும் கேட்டேன். அதே மறுமொழி. சற்று நேரத்தில் பாதை வந்தது. மோட்டார் சைக்கிள்களும், ஒரு வேனும், ஆடுகளும், பள்ளிப் பிள்ளைகளும் ஏற்றிய தட்டையான இரும்பு மிதவை வாவியின் மேல் அசைந்து அசைந்து வந்து கரையில் முட்டி நின்றது. இங்கே அதன் பெயர்தான் பாதை. மண்முனையிலும் ஒரு பாதை இருந்ததாம். 2014இல் பாலம் வந்தபின் அது ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஓடத் திருவிழா நடக்கும். ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரன் இல்லாத ஓடத்தைச் சம்பந்தர் பதிகம் பாடியே கரை சேர்த்ததாக வரலாறு. அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, வழி என்பது தானே மிதந்து வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும் இந்த ஊரில் அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. வாவியின் நடுவே கச்சான் நீர்த்துளிகளை முகத்தில் வீசியது. மாமாவின் குடை ஒருமுறை திரும்பி மலர்ந்து, பிறகு நேராக மறுத்துவிட்டது.

மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்கிறார்கள். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரம் ஓதும் குரல் இல்லை. மணிச்சத்தத்துக்கு இடையிலுள்ள அமைதியில் வாவிக் காற்று மரங்களில் நுழையும் ஒலி கேட்டது. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை.

வழியில் ஒரு கடையில் எருமைத் தயிர். மண்சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார் கடைக்காரர், தயிர் அசையவில்லை. கத்தியால் வெட்டுவது போலக் கரண்டியால் வெட்டி, கித்துள் பனையின் பாகாகிய கித்துள் பாணி ஊற்றிக் கொடுத்தார். படுவான்கரைப் புல்லைத் தின்ற எருமைகளின் பால் என்று அவர் சொன்னபோது, நெல்லுக்கு வயலைச் சொல்லும் தஞ்சைக்காரர்களின் குரல் அவரிடம் இருந்தது.

ஜூன் 7, சனி

இன்று ஹஜ்ஜுப் பெருநாள். மருதமுனையிலிருந்து மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் மகனோடு வந்து, வட்டிலப்பமும் ஒரு கைத்தறிச் சாரமும் (லுங்கி) தந்துவிட்டுப் போனார். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ஏலமும் சேர்ந்த அந்த வட்டிலப்பத்தின் மேற்புறத்தில் தேன்கூட்டைப் போலச் சிறு துளைகள் இருந்தன. அப்படி இருந்தால்தான் பதம் என்றார் மாமி. சித்திரை வருடப்பிறப்புக்கு இங்கிருந்து பலகாரம் அங்கே போகுமாம். “இடையில கொஞ்ச வருசம் ரெண்டு பேரும் போக்குவரத்து இல்லாம இருந்தம்” என்று மாமா சொன்னார். “மறுகா?” என்றேன். “மறுகா அவன் ஒரு பெருநாளைக்கு வந்து படலையில நிண்டான்.” அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 8, ஞாயிறு

கரைவலை வெயில் இன்று காய்ச்சலாக வந்தது. படுத்திருந்த என்னைப் பார்க்க ஒன்பது பெண்கள் வந்தார்கள். அவர்களில் இருவரை மட்டுமே எனக்கு முன்பே தெரியும். மல்லித் தண்ணீர், இஞ்சிப் பிளேன்டீ, வேப்பிலை, நொங்கு என ஆளுக்கொரு மருந்து. ஆளுக்கொரு கேள்வியும் இருந்தது: என் வயது, சம்பளம், கல்யாணம். எந்தக் கேள்விக்கும் நான் முகம் சுளிக்கவில்லை, ஏனெனில் கேட்டுக்கொண்டே ஒருவர் என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களுள் ஒரு மூதாட்டி, என் ஊர் எது என்று கேட்டார். பூம்புகாருக்கு இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் என்றேன், அப்படிச் சொன்னால் விளங்கும் என்று. அறை அமைதியானது. “கண்ணகை அம்மன் பிறந்த ஊருக்குப் பக்கத்திலயா?” என்று மூதாட்டி என் கையைப் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள் – குளுத்தி

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பல ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்கள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் கதவு ஆண்டு முழுவதும் அடைத்தே இருக்கும். வைகாசியில் சில நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளை மழைபோலப் பாடிக் குளிர்விப்பதுதான் சடங்கு. ஏட்டில் அதன் பெயர் குளிர்த்தி, வாயில் குளுத்தி.

மாலையிலேயே ஊர் கூடிவிட்டது. காய்ச்சல் விட்டிருந்ததால் மாமியோடு புறப்பட்டேன். மாமி வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நான்கு நாட்களாக எங்கே போனாலும் கட்டிய சுங்குடியை இன்று ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மதுரைச் சீலையோட அம்மனுக்கு முன்னால எப்படி மகள் போறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. இரவு முழுவதும் அது என்னோடு இருந்தது.

உடுக்கையின் தாளத்தில் கண்ணகியின் வழக்குரை பாடினார்கள். கோவலன் சிலம்போடு மதுரைக்குள் நுழையும் இடத்தில் முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். அவன் கொலையுண்ட இடத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் தேம்பி அழுதார். திரும்பிப் பார்த்தேன், பேருந்து நடத்துநர். பல்கலைக்கழகத்தில் நான் இந்தக் கதையைத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன், அச்சுப்பிழை பார்த்திருக்கிறேன். இவர்களோ நேற்று நடந்த சாவுக்குப் போய்வந்தவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு குளுத்தி பாடத் தொடங்கினார்கள். பாட்டு தாழ்ந்த குரலில், தாலாட்டின் நடையில் இருந்தது. பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலைக் கொத்தைக் குடத்து நீரில் தோய்த்துத் தெளிக்க, பெண்கள் குரவை எழுப்ப, ஆயிரம் பேர் ஒருசேரக் கழுத்தை நீட்டினார்கள். ஒரு துளி என் நெற்றியில் விழுந்து மூக்கின் வழியே இறங்கியது. பகலெல்லாம் கச்சான் சுட்ட முகத்தில் அந்த ஒரு துளியின் குளிர்ச்சியை இப்போதும் அதே இடத்தில் தொட்டுக் காட்ட முடியும். இந்தச் சடங்கை ஏன் வைகாசியில் வைத்தார்கள் என்று எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூதாட்டி என்னை ஒவ்வொருவரிடமும் “அம்மன்ட ஊர்ப் புள்ள” என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் ஆவலோடு கேட்டது ஒரே கேள்விதான்: “உங்கட ஊர்ல அம்மனுக்கு எப்ப குளுத்தி?” பூம்புகாரில் நான் கண்டது கலைக்கூடமும் அதன் சுவர்களில் கற்சிற்பங்களும்தான். பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நின்று பார்த்தோம். பிறகு கடலோரத்தில் சுண்டல் வாங்கித் தின்றோம். “அங்கே குளுத்தி இல்லை, சிலைதான் இருக்கிறது” என்று உண்மையைச் சொன்னேன். மூதாட்டி சிறிது நேரம் யோசித்தார். “பரவால்ல புள்ள, அவ இஞ்ச வந்திட்டா தானே” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய் – கல்லடி

பொசன் பூரணை, பௌத்தர்களின் திருநாள். நாடு முழுவதும் விடுமுறை. தூக்கக் கண்களோடு மட்டக்களப்புக்கு வந்தேன். கல்லடி உப்போடையில் அடிகளாரின் சமாதிக்குப் போனேன். காரைதீவில் மயில்வாகனமாக 1892இல் பிறந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முதல் பேராசிரியராக இருந்தவர். எங்கள் ஊரில் நூல் அரங்கேறிய மறுமாதமே, 1947 ஜூலை 19இல் மறைந்தவர். எங்கள் கோயில் வில்வ மரத்தின் காய்ந்த இலைகள் மூன்றை உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவற்றை வைத்துவிட்டு, “தாத்தா கொடுத்துவிட்டார்” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரவில் மீன் பாட்டுக் கேட்கத் தோணி பிடித்தேன். தோணிக்காரர் 2000 ரூபாய் கேட்டார், அதையே கொடுத்தேன். பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அவற்றின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை வைக்கச் சொன்னார். முதலில் கேட்டது பாலத்தில் ஓடும் வாகனங்களின் இரைச்சல்தான். “பொறுங்க தங்கச்சி” என்றார் அவர். நிலா உச்சிக்கு வந்தபோது வாகனங்கள் குறைந்தன. அப்போது ஒலித்தது: ஈர விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுவது போல, தாழ்வாக, விட்டுவிட்டு. காதுக்குக் கேட்டதைவிடத் தாடை எலும்புக்கு அதிகம் கேட்டது. மூன்று முறை வந்தது. பிறகு ஒரு லொறி போனது. நீரர மகளிரின் இசை என்று அடிகளார் பாடிய வாவி இதுதான். அது மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்று தோணிக்காரரிடம் கேட்டேன். “நான் பிறந்ததில இருந்து கேக்கிறன், கண்டதில்ல” என்றார்.

ஜூன் 12, வியாழன்

நேற்று முழுவதும் தூங்கினேன். இன்று புறப்பாடு. என் பெட்டியில் கீரிக் கருவாடு ஐந்து உறைகளுக்குள், மிளகாய்த் தூள், மருதமுனைச் சாரம், பையன் தன் கையால் எழுதிய நாற்பது சொற்களின் பட்டியல். பட்டியலில் பத்தொன்பதாவது ‘கச்சான்’. அதற்கு எதிரே ஒரு நிலக்கடலையையும், ஒரு வளைந்த தென்னையையும் வரைந்திருக்கிறான். விஜயை நான் கண்டதில்லை என்ற உண்மையை அவன் பொறுத்துக்கொண்டான்.

முதியவரிடம் விடைபெறக் கடற்கரைக்குப் போனேன். வலை கடலில் இருந்தது. அவர் கயிற்றை விடாமல் தலையை மட்டும் அசைத்தார். பாட்டின் அந்த அடி முடிந்ததும் திரும்பி, “கை ஆறிட்டுதா?” என்று கேட்டார். விரித்துக் காட்டினேன்.

பேருந்துக்காகச் சாலையோரத்தில் நின்றபோது மாமி பின்னாலிருந்து விரைந்து வந்தார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் வைத்த சுங்குடியைக் கட்டியிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்து, கோயில் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “கதவு அடைச்சிட்டாங்க மகள், இனி வாற வைகாசிக்குத்தான்” என்றார்.